ஆல்பிரெக்ட் கொசெல்

ஓலைச்சுவடியொன்றைக் கையிலெடுப்பார் கண்ணில் முதற்கண் படுவது எழுத்தன்று. மேலும் கீழும் வைத்த சட்டமும், அவற்றைச் சுற்றிய கயிறுமேயாம். உள்ளே எத்துணைச் சிறந்த நூலிருப்பினும் கட்டு அவிழுங்காறும் அஃது ஊமையே. ஆயினும் ஏட்டைப் பதிப்பிப்போர் எழுத்தைப் போற்றிக் கயிற்றை மூலையில் எறிந்துவிடுவர். உயிரணு என்னும் சுவடியில் எழுத்தையும் கயிற்றையும் ஒருங்கே கண்டெடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் தம் வாழ்நாளின் பிற்பாதியைக் கயிற்றின் ஆராய்ச்சிக்கே கொடுத்தார். அதனால், பொன்னை விட்டு உமியைப் பற்றினார் போலும் என்று பின்வந்தோர் எண்ணுதற்கும் இடந்தந்தார். ஆல்பிரெக்ட் கொசெல் என்னும் அந்த ஜெர்மானிய அறிஞரின் வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தமிழ் பயில்வார்க்கு இரசாயன நூலில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கலாம். எம் பாட்டியார் புற்றுநோயால் இறந்தபோது, பெருகத் தொடங்கிய உயிரணு ஏன் நில்லாது பெருகுகின்றது என்று விலங்குநூல் பயிலும் நண்பரொருவரைக் கேட்டோம். அவர் கூறிய விடை எமக்குப் பாதியே விளங்கிற்று. ஆனால் அதனிடையே ஹிஸ்டோன் என்றொரு சொல் பன்முறை வந்தது. சொல்லைப் பற்றிக்கொண்டு அதன் பிறப்பைத் தேடுவது எம் போன்றார் தொழில். அங்ஙனம் தேடிச் சென்ற வழியிலேதான் கொசெலைக் கண்டோம்.

கொசெல் 1853-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், பால்டிக் கடலை அடுத்த ரோஸ்டாக் நகரிற் பிறந்தார். தந்தையார் வணிகர், பிரஷிய நாட்டின் பிரதிநிதியாக அந்நகரில் விளங்கியவர். மைந்தருக்கோ இளமையிலேயே செடிகொடிகளில் நாட்டம் மிக்கிருந்தது. மருத்துவம் பயில்வதென்று முடிவாகி, 1872-இல் ஸ்ட்ராஸ்பர்க் சென்றார். அந்நகரம் பிரான்சோடு நிகழ்ந்த போரின் முடிவில் ஜெர்மனியின் வசமாகி, ஆங்கே பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கப்பெற்ற ஆண்டு அது. அங்கே ஆசிரியராக வாய்த்தவர் ஹோப்பே-செய்லர். குருதியின் செம்மைக்குக் காரணமான பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயரிட்டவர் அவரே. மருத்துவத் தேர்வை 1877-இல் சொந்த ஊராகிய ரோஸ்டாக்கில் எழுதித் தேறிய கொசெல், நோயாளரை நாடிச் செல்லாது, ஆசிரியரின் ஆய்வுக்கூடத்திற்கே துணைவராகத் திரும்பினார்.

அக்கூடத்தில் முடிவுபெறாத ஆராய்ச்சியொன்று காத்திருந்தது. 1869-இல் ஹோப்பே-செய்லர் தூபிங்கன் நகரில் இருந்த காலத்து, மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர், புண்ணுக்குக் கட்டிய துணிகளில் ஊறிய சீழிலிருந்து ஒரு புதுப்பொருளைப் பிரித்தெடுத்தார். உயிரணுவின் நடுவே உறையும் உட்கருவில் அது கிடைத்தமையால் நியூக்ளின் என்று அதற்குப் பெயரிட்டார். பாஸ்பரம் மிக்க அப்பொருள் அதுகாறும் அறியப்பட்ட எதனோடும் ஒத்திலது. ஆசிரியர் தாமே அச்சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து ஐயந்தீர்ந்த பின்னரே, 1871-இல் அதனை வெளியிட்டார். மாணாக்கன் சொல்லை நம்பாமையன்று அது. அச்சேறுவதன்முன் ஆராய்ந்து கொள்ளும் நெறி. அந்நெறி கொசெலின் உள்ளத்திலும் ஆழப் பதிந்தது என்பதை அவர் பிற்கால வாழ்க்கை காட்டும்.

நியூக்ளின் எதற்குப் பயன்படுகிறது? கொழுப்பைப் போல் உடல் சேமித்து வைக்கும் உணவோ? தசை இயங்குதற்கு வேண்டிய ஆற்றலைத் தருவதோ? கொசெல் இரண்டும் அன்றென்று கண்டார். வளருங் கருவின் திசுக்களில் அது மிகுந்திருந்தது. எனவே, புதுத்திசு உண்டாதலோடு தொடர்புடைய பொருளாதல் வேண்டும் என்று முடிவு செய்தார். உயிரணு பெருகுதல் என்னும் செயலுக்கும் உட்கருவின் இரசாயனத்துக்கும் உள்ள உறவு இங்ஙனம் அவர் கையில் முதன்முதல் அகப்பட்டது.

1883-இல் பெர்லின் நகரத்து டு பாய்ஸ்-ரேமாண்ட் என்னும் பேரறிஞர், தம் உடலியல் நிலையத்தின் இரசாயனப் பகுதிக்குத் தலைவராகக் கொசெலை அழைத்துக்கொண்டார். மறு ஆண்டிலேயே அவர் செய்த ஆராய்ச்சிதான் எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

மக்கட்குருதியின் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. பறவைகளின் சிவப்பணுக்களிலோ உண்டு. உட்கருவை மிகுதியாகவும் எளிதாகவும் பெறவேண்டுவார்க்குப் பறவைக்குருதியினும் சிறந்த சுரங்கம் வேறில்லை. கொசெல் வாத்தின் குருதியை எடுத்துக்கொண்டார். நம்மூர்ச் சிறுவாத்தன்று, ஐரோப்பியர் விழாநாளில் உண்ணும் பெருவாத்து. அதன் அணுக்களைக் கழுவிப் பிளந்து, உட்கருக்களைத் தனியே சேர்த்து, நீர் மிகக் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அவற்றின்மீது செலுத்தினார். நியூக்ளின் கரையாது தங்க, வேறொரு பொருள் அமிலத்திற் கரைந்து வெளிப்போந்தது. உப்பிட்டபோது அது மீண்டும் படிந்தது. ஆராயுங்கால் அது புரதவகையினது என்றும், காரத்தன்மை வாய்ந்தது என்றும் புலனாயிற்று. அதற்கு அவர் இட்ட பெயரே ஹிஸ்டோன். நியூக்ளினோ அமிலத்தன்மையது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று பற்றுதல் இயல்பாதலின், உட்கருவினுள் இவையிரண்டும் பிணைந்து கிடந்தன என்று அறிதல் அரிதன்று. அப்பிணைப்பு எதன்பொருட்டு என்னும் வினாவுக்கோ, அக்காலத்து விடையில்லை.

அதன்பின் வந்த பத்தாண்டுகள் எழுத்துக்களைக் கண்டெடுத்த காலம். நியூக்ளினின் அமிலப்பகுதியைச் சிதைத்துப் பார்த்த கொசெல், அதனுள் சில காரப்பொருள்கள் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் கண்டார். மாட்டின் கணையத்திலிருந்து 1885-இல் ஒன்றைப் பிரித்து, சுரப்பி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அடினைன் என்றார். கடற்பறவைகளின் எச்சத்தில் முன்னரே அறியப்பட்டிருந்த குவானைன் நியூக்ளினிலும் உண்டென்று காட்டினார். கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து, நாய்மன் என்பாரோடு கூடி 1893-இல் தைமினையும், அடுத்த ஆண்டில் சைட்டோசினையும் கண்டார். யுராசில் என்னும் ஐந்தாவது, 1900-இல் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே அஸ்கோலி என்பாரால் காணப்பட்டது. இடையே 1888-இல் தேயிலையை ஆராய்ந்து தியோபிலின் என்னும் பொருளையும் எடுத்தார். அது பிற்காலத்தில் ஈளைநோய்க்கு மருந்தாயிற்று. தேநீர்க்கடையிற் பொழுதுபோக்கும் எம் விடுதித் தோழர்கள் இதனை நினைவிற் கொள்வாராக!

1886-இல் அவர் லூயிஸ் ஹோல்ட்ஸ்மன் என்னும் நங்கையை மணந்தார். அவருடைய தந்தையார் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கியமும் வடமொழியும் கற்பித்த பேராசிரியர். மொழிநூல் வல்லுநரின் மகளை இரசாயன நூலார் மணந்ததில் எமக்கோர் உவகை உண்டு, அதனை மறைப்பானேன்? அவர்கள் மகன் வால்தர் கொசெல் பௌதிக அறிஞராகி, அணுக்கள் மின்னேற்றத்தாற் பிணையும் வகையை 1916-இல் விளக்கிப் புகழ்பெற்றார்.

கொசெல் 1895-இல் மார்புர்க் நகருக்குப் பேராசிரியராகப் போந்தார். ஹோப்பே-செய்லர் அவ்வாண்டில் மறையவே, அவர் தொடங்கிய உடலியல் இரசாயன இதழின் ஆசிரியப் பொறுப்பும் இவர் தோளில் ஏறியது. இக்காலமுதல் அவர் நாட்டம் புரதத்தின்பால் திரும்பிற்று. மீனின் விந்தணுக்களில் ஹிஸ்டோனுக்கு மாறாகப் புரோட்டமீன் என்னும் எளிய காரப்புரதம் உண்டு. அதனை ஆராய்ந்தபோது 1896-இல் ஹிஸ்டிடின் என்னும் புதிய அமினோ அமிலத்தைக் கண்டார். ஆர்ஜினின், லைசின் என்னும் இரண்டும் பிறரால் முன்னமே காணப்பட்டவை. இம்மூன்று காரப்பொருள்களும் ஒவ்வொரு புரதத்திலும் எவ்வெவ்வளவு உள்ளன என்று நிறுத்தளக்கும் முறையைத் தம் துணைவர் குட்ஷரோடு வகுத்தார். ஹிஸ்டோனிலும் புரோட்டமீனிலும் அவை ஏனைப் புரதங்களினும் மிகுதி. லைசின் என்னும் பெயரை வாசகர் மறவாதிருப்பாராக. பின்னர் அது வேண்டப்படும்.

புரோட்டமீன் போன்றதொரு காரக்கரு எல்லாப் புரதங்களின் நடுவிலும் உண்டென்று அவர் ஒருகாற் கருதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. பெரியாரின் பிழையையும் கூறாதொழிந்தால் வரலாறு துதிப்பாடலாய் முடியுமாதலின் இதனைக் குறித்தோம்.

1901-இல் ஹைடெல்பெர்க்கு அவரை அழைத்தது. 1910-இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. புரதங்களைப் பற்றியும், அவற்றோடு உட்கருப்பொருள்களைப் பற்றியும் செய்த ஆராய்ச்சியால் உயிரணுவின் இரசாயனத்தை விளக்கியமைக்காகவே அப்பரிசு அளிக்கப்பெற்றது. புரதமே அங்கு முன்னிற்பதை நோக்குக. அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்று அவர் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில், புரதத்தின் கட்டடக்கற்களாகிய அமினோ அமிலங்களை நெடுங்கணக்கின் எழுத்துக்களோடு ஒப்பிட்டார். சில எழுத்துக்கள் மாறிமாறிக் கூடி அளவிறந்த கருத்துக்களை உரைப்பதுபோல, உயிர்களின் வேறுபாடெல்லாம் அக்கற்களின் கூட்டுறவால் அமையும் என்பது அவர் கொள்கை. தாம் அடினைன் முதலாகக் கண்டெடுத்த நான்கைந்து பொருள்களோ அத்துணை வளம் படைத்தனவாக அவருக்குத் தோன்றவில்லை.

அவர் கூச்சமுடையவர், பேச்சுத்திறத்தாற் புகழ்கொள்ள முயன்றாரல்லர். மனைவியார் 1913-இல் திடீர் நோயால் மறைந்தார். மறு ஆண்டே பெரும்போர் மூண்டது. ஜெர்மனியின் அறிஞர்கள் தொண்ணூற்று மூவர் தம் நாட்டுப் படையின் செயலுக்குப் பரிந்து அறிக்கையொன்றிற் பெயர் கொடுத்தனர். அக்காலத்து இரசாயன நூலாருள் தலைசிறந்தவர்களும் அப்பட்டியலில் இருந்தனர். கொசெலின் பெயர் இல்லை. போர்க்காலத்தில் மக்களுக்கு அளந்து கொடுத்த உணவு உடலுக்குப் போதுமானது என்று அறிவிக்குமாறு அரசியலார் கேட்டபோது, மெய்யல்லாததை மெய்யென்று உரைக்க அவர் மறுத்தார் என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். திசுவின் ஊட்டத்தை நிறுத்தளந்தே வாழ்நாளைக் கழித்தவர், அவ்வளவு பொய்யென்று தெரிந்தும் எங்ஙனம் கையெழுத்திடுவார்? 1924-இல் ஆசிரியப் பதவியினின்று ஓய்வு பெற்றும் புரத ஆராய்ச்சியை விட்டாரல்லர். 1927 ஜூலை 5-ஆம் நாள் ஹைடெல்பெர்க்கிலே உயிர்நீத்தார். அகவை 73.

அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழிந்தபின், 1944-இல் ஏவரி என்பாரும் துணைவரும் நியூயார்க் நகரில் ஓர் உண்மையை நிறுவினர். நுண்ணுயிரொன்றின் மரபை மாற்றவல்லது புரதமன்று, டி.என்.ஏ. என்னும் உட்கரு அமிலமே. 1953-இல் அதன் இரட்டைச்சுருள் வடிவமும் வெளியாயிற்று. ஆகவே உயிரின் நெடுங்கணக்கு புரதத்தில் இல்லை. கொசெல் தாமே கண்ட அடினைன், குவானைன், தைமின், சைட்டோசின் என்னும் நான்கெழுத்திலேயே உளது. எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தைத் தேடினவராக அவர் ஆயினார். ஹிஸ்டோனோ, நீண்ட நூலைச் சுற்றிவைத்த வெறுங்கட்டை என்ற அளவில் பலராலும் ஒதுக்கப்பட்டது.

எல்லாரும் அங்ஙனம் ஒதுக்கினாரல்லர். எடின்பரோவில் இருந்த ஸ்டெட்மன் தம்பதியர் 1950-இல், ஹிஸ்டோன் ஜீன்களை அடக்கி வைக்கும் பொருளாதல் கூடும் என்றனர். கண்ணின் அணுவிலும் ஈரலின் அணுவிலும் ஒரே சுவடிதான் இருக்கின்றது. ஆயினும் ஒன்று படிக்கும் ஏட்டை மற்றொன்று படிப்பதில்லை. ஏதோ ஒன்று சில ஏடுகளைக் கட்டி வைத்தல் வேண்டும் அன்றோ? 1964-இல் ஆல்ஃபிரி, ஃபாக்னர், மிர்ஸ்கி என்னும் மூவர் நியூயார்க்கில் விடையின் ஒரு நுனியைப் பற்றினர். அவர் ஆராய்ந்ததும் கொசெல் ஆண்ட அதே கன்றின் தைமஸ் சுரப்பியே. ஹிஸ்டோனின்மீது அசிட்டைல் என்னும் சிறு கூட்டம் ஏறுவதையும், ஏறியவழி ஜீன் படிக்கப்படுதற்கு அதன் தடை தளர்வதையும் அவர் கண்டனர்.

அஃது எங்ஙனம் எனின், கூறுவாம். மக்கள் உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. நூலை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். அது கண்ணுக்குத் தோன்றாத உட்கருவில் அடங்க வேண்டும். நான்கு வகை ஹிஸ்டோன்கள், வகைக்கு இரண்டாக எட்டுக் கூடி ஓர் உருளையாகும். அதன்மேல் 147 எழுத்திணைகள் கொண்ட நூல் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். இவ்வமைப்பைக் கார்ன்பெர்க் 1974-இல் எடுத்துரைத்தார். ஒவ்வொரு ஹிஸ்டோனுக்கும் வால் போன்றதொரு பகுதி உருளைக்கு வெளியே நீண்டிருக்கும். அவ்வாலில் நிரம்ப இருப்பதுதான் முன்னர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டிய லைசின். லைசின் நேர்மின்னேற்றம் உடையது, டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் உடையது, ஆதலின் இரண்டும் இறுகப் பற்றும். ஆறே அணுக்கள் கூடிய அசிட்டைல் லைசின்மேல் அமர்ந்தால் அம்மின்னேற்றம் மறையும், பிடி தளரும், கட்டு நெகிழும், ஜீன் படிக்கப்படும். மெய்யெழுத்தின் தலைமேல் இட்ட புள்ளி எத்துணைச் சிறிது! அதனால் ஓசை எத்துணை மாறுகின்றது! இதுவும் அத்தகையதே. மெத்தைல் என்னும் வேறொரு குறியும் உண்டு. அது மின்னேற்றத்தை நீக்காது. எந்த லைசினில் அமர்கிறதோ அதற்கேற்பத் திறக்கும் ஆளையோ பூட்டும் ஆளையோ அழைக்கும். இக்குறிகளை இடும் நொதிகளும் அழிக்கும் நொதிகளும் தனித்தனியே உள்ளன. 1996-ஆம் ஆண்டிலே அவ்விருவகைக்கும் உரிய முதற்சான்றுகள் ஒருங்கே வெளிவந்தன.

இனி எம் பழைய வினாவுக்கு வருவோம். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் நூல் முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்கப் புகுமுன் ஒரு வாயில் உண்டு. அதனைக் கடந்த அணு திரும்புவதில்லை. அவ்வாயிலைக் காப்பது ஆர்பி என்னும் புரதம். குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ஒருவகைப் புற்றை ஆராய்ந்த வழியில் அது கண்டுபிடிக்கப்பட்டமையால், அந்நோயின் பெயரே அதற்கு ஆயிற்று. படியெடுத்தலைத் தொடங்குதற்கு வேண்டிய சைக்ளின்-ஈ முதலிய ஜீன்களின் வாயிலில் ஆர்பி அமர்ந்திருக்கும். அது வெறுங்கையோடு அமர்வதன்று. அசிட்டைல் நீக்கும் நொதியையும் உடன்கொண்டு வந்து, அவ்விடத்து ஹிஸ்டோன்களின் குறிகளை அழிப்பித்துக் கட்டை இறுக்குகின்றது என்பதை 1998-இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின. வளர்க என்னும் கட்டளை முறையாக வந்தபோது, வேறு நொதிகள் ஆர்பியின்மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றி அதனை விலக்கும். அப்போது ஹிஸ்டோன் மீண்டும் அசிட்டைல் பெறும், ஏடு திறக்கும், அணு வாயிலைக் கடக்கும்.

புற்றுற்ற அணுவில் இம்முறை கெடுகின்றது. ஆர்பி அழிந்துபோதலும் உண்டு. ஆர்பி அழியாதிருந்தும், அதனை விலக்கும் நொதிகளை அடக்கிவைக்கும் பி16 என்னும் காவலின் ஏடு, வேண்டாத குறியால் இறுகக் கட்டப்பட்டு ஊமையாதலும் உண்டு. இவ்வகையில் நூலின் எழுத்து ஒன்றேனும் பிழைபடவில்லை, கட்டுத்தான் பிழைபட்டது. எழுத்தையே ஆராய்ந்திருப்பார்க்கு இந்நோயின் ஒரு பாதி தோன்றாதே போயிருக்கும். பரவிய பிராஸ்டேட் புற்றில், மெத்தைல் குறி இடும் ஈஇசட்எச்2 என்னும் நொதி அளவிறந்து மிகுந்துள்ளது என்று 2002-இல் அறிவிக்கப்பட்டது. எழுத்துப்பிழையைத் திருத்துதல் அரிது. தவறாக இட்ட கட்டைத் தளர்த்துதல் அத்துணை அரிதன்று. அசிட்டைல் நீக்கும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட் என்னும் மருந்து, தோலிற் பரவும் ஒருவகை நிணப்புற்றுக்காக 2006-இல் அமெரிக்க அரசின் இசைவு பெற்றது. அம்மருந்து எல்லார்க்கும் பலித்ததன்று. பலித்தவர்களுக்கும் நோய் மீள்வதுண்டு. எம் பாட்டியார்க்கு வந்த நோய் வேறு. அவர்க்கு இஃது உதவியிராது.

கொசெல் காலத்தார் கனவிலும் எண்ணாத செய்தியொன்று 2012-இல் வெளிவந்தது. சிறுவரின் மூளையில், பெரும்பாலும் மருந்துக்கு அடங்காது எழும் ஒருவகைக் கட்டியை ஆராய்ந்த இருவேறு குழுவினர், பிழை ஹிஸ்டோனிலேயே இருப்பதைக் கண்டனர். எச்3 என்னும் ஹிஸ்டோன் 135 மணிகள் கோத்த மாலை போன்றது. அதன் 27-ஆம் மணியாகிய லைசின் இருக்கவேண்டிய இடத்தில், அக்கட்டிகள் பலவற்றில் மெத்தியோனின் என்னும் வேறொரு மணி இருந்தது. அவ்விடத்தில் மெத்தைல் குறி அமர இயலாது. அஃதன்றியும், அம்மாறிய மணி குறியிடும் நொதியையே முடக்கி, பிழையில்லாத ஏனை ஹிஸ்டோன்களும் குறியிழக்கச் செய்தது. அங்கே குறி மிகுந்ததால் நோய். இங்கே குறி குறைந்ததால் நோய். அவ்விரு குழுக்களுள் ஒன்றில், ஹைடெல்பெர்க் நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சியாளரும் இருந்தனர். வாத்தின் குருதியில் ஹிஸ்டோனைக் கண்டவர் தம் கடைசி 26 ஆண்டுகளை, அதன் லைசினை நிறுத்தளந்து கழித்த நகரம் அது.